அத்தியாயம் 6: சமூக ஊடகக் கணக்கைச் சில காலம் மூடிவைப்பது எப்படி?

ஃபேஸ்புக்கையோ இன்ஸ்டாகிராமையோ ஒரு மாதம் மூடிவைக்க முடிவெடுத்திருக்கிறீர்கள். பொத்தானை அழுத்த ஒரு நிமிடம் போதும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு மாலைப்பொழுதாவது வேண்டும். சிங்கப்பூரில் வாழும் தமிழருக்கு இந்த முன்வேலை மிக முக்கியம். ஊரிலிருக்கும் அம்மா மெசஞ்சரில்தான் கூப்பிடுவார். தேக்கா பக்கத்திலுள்ள குடும்பக் கடையின் பேஜ் உங்கள் கணக்கின் கீழ் இருக்கும். வேலை அனுமதி முடிந்து ஊர் திரும்பினால் சிங்கப்பூர் எண்ணே கையில் இருக்காது. இவற்றைக் கவனிக்காமல் மூடுகிறவர்களில் பலர் இரண்டு நாளில் திறந்துவிடுகிறார்கள். சிலர் திறக்கவே முடியாமல் தவிக்கிறார்கள். அதனால் இந்த அத்தியாயத்தில் மூடும் வழியைவிட அதற்கான ஆயத்தத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மூடுவது வேறு, அழிப்பது வேறு

டீஆக்டிவேட் செய்வது கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது போன்றது. சரக்கு உள்ளேயே இருக்கும். டெலீட் செய்வது கடையைக் காலி செய்துவிட்டுப் போவது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இந்த இரண்டு வழிகளும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அவசரத்தில் கீழே உள்ளதைத் தொட்டுவிடாதீர்கள்.

டீஆக்டிவேட் செய்த ஃபேஸ்புக் கணக்கு எத்தனை மாதமானாலும் அப்படியே காத்திருக்கும். டெலீட் கொடுத்தால் 30 நாள்தான் அவகாசம். அதற்குள் உள்ளே நுழைந்து ரத்து செய்யாவிட்டால் படங்களும் பதிவுகளும் திரும்பக் கிடைக்காது.

எச்சரிக்கை: எக்ஸ் தளத்தில் (பழைய ட்விட்டர்) இருக்கும் ‘டீஆக்டிவேட்’, அழிப்பதற்கான முதல் படி. 30 நாள் நீங்கள் உள்ளே நுழையாவிட்டால் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும். எக்ஸிலிருந்து ஓய்வு வேண்டுமென்றால் லாக் அவுட் செய்து செயலியை மட்டும் நீக்குங்கள். அதுவே பாதுகாப்பு.

எத்தனை நாள்?

நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தல் நேரத்தில் ஹண்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள், ஃபேஸ்புக் பயன்படுத்துவோருக்குப் பணம் கொடுத்து 4 வாரம் கணக்கை மூடவைத்துப் பார்த்தார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை சிறிதளவு தேறியது. ஓய்வு முடிந்து திரும்பியவர்கள் முன்பைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். ஒரு குறையும் தெரிந்தது: நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்துபோனது.

அந்தக் குறைக்கு நம்மிடம் மருந்து இருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. ஒலி 96.8 வானொலி நாள் முழுக்கத் தமிழில் பேசுகிறது. செய்திக்காக ஃபேஸ்புக்கை நம்பியிருப்பவர் மூடுவதற்கு முந்தைய நாளே இவற்றில் ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். செய்தி கிடைக்கவில்லை என்பதைக் காரணம் காட்டித் திரும்பத் திறப்பதற்கு அப்போது இடமிருக்காது.

மூடுவதற்கு முன்: இந்த வரிசையிலேயே செய்யுங்கள்

1. எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபாருங்கள். முதல் வேலை இதுதான். கணக்கோடு இணைந்திருப்பது எந்த எண்? பிரீபெய்டு சிம் காலாவதியானால் தொலைபேசி நிறுவனம் அந்த எண்ணைப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போகும். ஓய்வுக் காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள், வேலை அனுமதி முடியப்போகிறவர்கள், சிம் மாற்றப்போகிறவர்கள் அனைவரும் நிலையான ஒரு மின்னஞ்சலைக் கணக்கில் சேருங்கள். அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் நினைவிருக்கிறதா என்று ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

2. மீட்புக் குறியீடுகளை எழுதிவையுங்கள். அக்கவுண்ட்ஸ் சென்டரில் பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் டூ-ஃபேக்டர் அமைப்பு இருக்கும். அதில் கிடைக்கும் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். எண் போனாலும் இவை கதவைத் திறக்கும். தொலைபேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், தொலைபேசி தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும்.

3. படங்களை இறக்கிக்கொள்ளுங்கள். டீஆக்டிவேட் செய்தால் படங்கள் அழியாது. ஆனாலும் குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் ஃபேஸ்புக்கில் மட்டும்தான் இருக்கிறது என்ற நிலை எப்போதுமே ஆபத்தானது. அக்கவுண்ட்ஸ் சென்டரில் உங்கள் தகவல்களைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. கோப்பு தயாராகச் சில மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்; தயாரானதும் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பு வந்து கோப்பு கைக்குச் சேர்ந்த பிறகே மூடுங்கள். அளவு பெரிதாக இருக்கும் என்பதால் பிரீபெய்டு டேட்டாவில் இறக்காமல் வைஃபையில் இறக்குங்கள்.

4. ஃபேஸ்புக் வழியாக எந்தெந்தச் செயலிகளுக்குள் நுழைகிறீர்கள் என்று பாருங்கள். பலருடைய ஓய்வு கெடுவது இங்கேதான். பொருள் விற்கும் செயலி, பாட்டுச் செயலி, விளையாட்டு என்று பல இடங்களில் ‘ஃபேஸ்புக் மூலம் நுழைக’ என்பதைத் தொட்டிருப்போம். மூடிய பிறகு அந்தப் பொத்தானை ஒருமுறை தொட்டாலும் ஃபேஸ்புக் கணக்கு திறந்துகொள்ளும். செட்டிங்ஸில் ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு செயலியிலும் மின்னஞ்சல், பாஸ்வேர்ட் வைத்து நுழையும் முறைக்கு மாறுங்கள்.

5. கடைப் பேஜுக்கு இன்னொரு நிர்வாகியைச் சேருங்கள். பேஜ் உங்கள் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தால், உங்கள் கணக்கை மூடும்போது பேஜும் மறைந்துவிடும். கேம்பல் லேனில் மாலை கட்டி விற்கும் குடும்பம் ஆனாலும், நேரலையில் புடவை விற்பவர் ஆனாலும், நம்பகமான ஒருவருக்கு முழுக் கட்டுப்பாடு கொடுத்துவிட்டு மூடுங்கள். ஓடும் விளம்பரங்களை நிறுத்திப் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். வியாபாரிகளுக்கு என் பரிந்துரை: சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு ஏற்றிய பிறகு ஓய்வைத் தொடங்காதீர்கள். பொங்கல் சந்தை முடிந்ததும் தொடங்குங்கள்.

6. மாதச் சந்தாக்களை நிறுத்துங்கள். நீல டிக்குக்குப் பணம் கட்டுகிறவர்கள் அதைத் தனியே ரத்து செய்ய வேண்டும். கணக்கு மூடியிருந்தாலும் ஆப் ஸ்டோர் வழியாகப் பணம் பிடிக்கப்படலாம்.

7. வேண்டியவர்களிடம் நேரில் அல்லது தொலைபேசியில் சொல்லுங்கள். ‘இத்தனாம் தேதி முதல் இருக்க மாட்டேன்’ என்று பொதுப்பதிவு போடாதீர்கள். ஏன் என்பது கீழே மோசடி பற்றிய பகுதியில் இருக்கிறது.

8. மற்ற கருவிகளிலிருந்து வெளியேறுங்கள். பழைய தொலைபேசி, அலுவலகக் கணினி, அறைத் தோழரின் டேப்லெட் எல்லாவற்றிலும் லாக் அவுட் கொடுத்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும் நீக்குங்கள். யாராவது தெரியாமல் அதைத் தொட்டால்கூடக் கணக்கு திறந்துவிடும்.

ஃபேஸ்புக்கை மூடும் படிகள்

செயலி தமிழில் வைக்கப்பட்டிருந்தால் சொற்கள் மாறும். வரிசையைப் பார்த்துப் பின்பற்றுங்கள்.

1. மூன்று கோடு உள்ள மெனுவைத் தொட்டு, செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி வழியாக செட்டிங்ஸுக்குப் போங்கள்.
2. அக்கவுண்ட்ஸ் சென்டரைத் திறந்து, பெர்சனல் டீட்டெயில்ஸ் என்பதைத் தொடுங்கள்.
3. அக்கவுண்ட் ஓனர்ஷிப் அண்ட் கன்ட்ரோல் என்பதற்குள் டீஆக்டிவேஷன் ஆர் டெலீஷன் இருக்கும்.
4. எந்தக் கணக்கு என்று கேட்கும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ஒரே இடத்தில் இணைந்திருந்தால் இரண்டும் பட்டியலில் வரும். பெயரையும் சின்னத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மூடினால் மற்றது தானாக மூடாது.
5. டீஆக்டிவேட் அக்கவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டைக் கொடுங்கள்.
6. காரணம் கேட்கும் பக்கத்தில் தானாகத் திறந்துகொள்ளும் வசதியைக் கவனியுங்கள். 1 முதல் 7 நாள்களில் கணக்கைத் தானே திறந்துவிடச் சொல்லும் தேர்வு அங்கே இருக்கும். நான்கு வாரம் ஓய்வெடுக்கிறவர், தானாகத் திறக்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
7. மெசஞ்சரைத் தொடரலாமா என்று கேட்கும். வீட்டாரோடு பேச அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் தொடருங்கள். மெசஞ்சரில் பேசுவதால் ஃபேஸ்புக் கணக்கு திறந்துகொள்ளாது.
8. உறுதிசெய்துவிட்டுச் செயலியைத் தொலைபேசியிலிருந்து நீக்குங்கள். இதை மறக்காதீர்கள். நீல நிறச் சின்னம் திரையில் இருக்கும்வரை விரல் தானாக அங்கே போகும்.

தெரிந்துகொள்ள: நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய செய்திகள் பெற்றவரிடம் இருக்கும். நண்பர்களின் பட்டியலில் உங்கள் பெயர் தெரியலாம். குழு நிர்வாகிகள் உங்கள் பழைய பதிவுகளைப் பார்க்கலாம். எல்லாம் மறைந்துவிடும் என்று நம்பி, பிரச்சினைக்குரிய ஒரு பதிவை அப்படியே விட்டுவிட்டு மூடாதீர்கள். அதைத் தனியாக அழித்த பிறகு மூடுங்கள்.

மற்ற தளங்கள்

இன்ஸ்டாகிராம்: வழி மேலே சொன்னதேதான், அக்கவுண்ட்ஸ் சென்டர் வழியாக. வாரத்துக்கு ஒருமுறைதான் மூட முடியும். திங்கள்கிழமை மூடி, புதன்கிழமை ஆசைப்பட்டுத் திறந்தால், அடுத்த வாரம்வரை மூட வழியில்லை.

டிக்டாக்: செட்டிங்ஸ் அண்ட் பிரைவசியில் அக்கவுண்ட் பகுதிக்குப் போனால் டீஆக்டிவேட், டெலீட் இரண்டும் தனித்தனியாக இருக்கும். சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழக ஊழியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய அரசு 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடைசெய்தது. இங்கே மூடிவிட்டு ஊருக்குப் போனால் அங்கிருந்து திறக்க முடியாது. உங்கள் காணொளிகள் முக்கியம் என்றால் விமானம் ஏறும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

லிங்க்ட்இன்: ஹைபர்னேட் என்ற தேர்வு இதே வேலையைச் செய்யும். வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை மூட வேண்டாம்.

டெலிகிராம்: தற்காலிகமாக மூடும் வசதி இல்லை. நீண்ட காலம் திறக்காத கணக்கை அது தானே அழித்துவிடும். அந்தக் கால அளவை செட்டிங்ஸில் பார்த்து நீட்டிவைத்துவிட்டு, செயலியை மட்டும் நீக்குங்கள்.

வாட்ஸ்அப்பை மூடாதீர்கள்

வாட்ஸ்அப்பில் டீஆக்டிவேட் கிடையாது. டெலீட் மட்டுமே உண்டு. அதைத் தொட்டால் எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள், பழைய உரையாடல்கள் போய்விடும். செயலியை நீக்கிவிட்டு மாதக்கணக்கில் திறக்காமல் இருந்தாலும் ஆபத்துதான். ஏறக்குறைய 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் அழித்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. குடும்பம், மேற்பார்வையாளர், பள்ளி, மருத்துவமனை ஆகியவை தவிர மற்றக் குழுக்களை எப்போதும் ஒலியின்றி இருக்கும்படி மியூட் செய்து, ஆர்க்கைவில் தள்ளுங்கள்.
2. பின்தொடரும் சேனல்களிலிருந்து விலகுங்கள். பிறர் ஸ்டேட்டஸ்களை மியூட் செய்யுங்கள்.
3. கடைசியாக வந்த நேரம், நீல டிக் இரண்டையும் மறையுங்கள். ‘பார்த்துவிட்டும் பதில் போடவில்லை’ என்ற கோபம் பாதி குறையும்.
4. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் எண்ணை அமையுங்கள். லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கருவி இருந்தால் உடனே நீக்குங்கள்.

தங்குவிடுதியில் இருக்கும் தம்பிமார்களுக்கு

‘ஃபோனைத் தூக்கி ஓரமாகப் போடு’ என்று உங்களிடம் சொல்கிறவர்களுக்கு உங்கள் வாழ்க்கை தெரியவில்லை. 2020 ஏப்ரலில் கொவிட் பரவலால் தங்குவிடுதிகள் அடைக்கப்பட்டபோது, 3 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்கு வீட்டையும் வெளியுலகையும் காட்டியது அந்தத் தொலைபேசிதான். அதை மூடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மூட வேண்டியது, பேசி முடித்த பிறகு தூக்கத்தைத் தின்னும் ரீல்ஸை மட்டும்தான்.

இரவு 10 மணிக்கு இங்கே படுக்கப்போகும் நேரத்தில் தமிழ்நாட்டில் 7.30. இந்த இரண்டரை மணி நேர வித்தியாசம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. வீட்டில் அப்போதுதான் எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள். பேசி முடிக்க 11, அதன்பின் ஒரு காணொளி, இன்னொன்று, நள்ளிரவு. விடியும் முன் லாரிக்கு நிற்க வேண்டும். தூக்கமில்லாமல் சாரத்தில் ஏறுவது உயிருக்கு ஆபத்து.

1. வீட்டாரிடம் பேசி, அழைக்கும் நேரத்தை இங்கே 9 மணிக்கு, ஊரில் 6.30க்கு மாற்றுங்கள். ‘அம்மா, ஒரு மாசத்துக்கு ஆறரைக்கே கூப்பிடறேன்’ என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள்.
2. பேசி முடித்ததும் தொலைபேசியைத் தலைமாட்டில் வைக்காமல் கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்குச் சிறிய கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முஸ்தஃபா சென்டரில் கிடைக்கும்.
3. மனிதவள அமைச்சின் செயலி, வங்கிச் செயலி, சிங்பாஸ் ஆகியவற்றைத் தொடாதீர்கள். அவற்றுக்கும் சமூக ஊடகக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. ஃபேஸ்புக்கை மூடினால் வேலை அனுமதிக்கு ஏதாவது ஆகும் என்று பயப்பட வேண்டாம்.
4. பழைய தொலைபேசியை விற்கப்போகிறீர்கள் என்றால், முதலில் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, பிறகு ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, அதன்பின் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும் தேக்காவிலும் நண்பர்களைப் பார்க்கும் வழக்கத்தை இந்த மாதம் விட்டுவிடாதீர்கள். திரையில் குறைகிற பேச்சை அங்கே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

சாதாரண நிலை எழுத்துத் தேர்வுகள் அக்டோபர், நவம்பரில் நடக்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் மூடுவது தாமதம். முதல் சில நாள்கள் எரிச்சலும் வெறுமையும் இருக்கும், அந்த எரிச்சல் தேர்வு வாரத்தில் வரக்கூடாது. செப்டம்பர் விடுமுறைக்கு முன்பே மூடுங்கள். வகுப்புக் குழு எந்தச் செயலியில் இருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் விட்டுவையுங்கள்.

மாணவர்கள் செய்யும் ஒரு நல்ல வழி: பாஸ்வேர்டை அக்காவிடமோ நெருங்கிய தோழியிடமோ கொடுத்து மாற்றிவைக்கச் சொல்வது. அதில் தவறில்லை. ஆனால் மீட்பு மின்னஞ்சல் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கணக்கை நீங்கள் பிடுங்கி மூடாதீர்கள். இரகசியமாக இரண்டாவது கணக்கு முளைக்கும், அது உங்கள் கண்ணுக்கே தெரியாது. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்கத் தொலைபேசி பயன்படுத்தக் கூடாது என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. பகலில் பள்ளி அந்த வேலையைச் செய்யும். இரவில் வீட்டில் பெரியவர்களும் சேர்ந்து தொலைபேசியைக் கூடத்தில் வைத்தால்தான் பிள்ளை கேட்கும்.

நீங்கள் இல்லாதபோது உங்கள் பெயரில் மோசடி

நீங்கள் மூடியிருக்கும் நேரம் மோசடிக்காரனுக்கு வசதியானது. உங்கள் பழைய படத்தைப் போட்டுப் போலிக் கணக்கு திறந்து, ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று உறவினரிடம் கேட்பான். நண்பர்போலத் தொலைபேசியில் பேசி ஏமாற்றுவது சிங்கப்பூரில் பலகாலமாக நடக்கும் மோசடி. அதனால்தான் விலகும் தேதியைப் பொதுவில் போட வேண்டாம் என்றேன்.

1. பணம் அனுப்பக்கூடிய உறவினர் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்: ‘என் பெயரில் யார் பணம் கேட்டாலும், என் எண்ணுக்கு அழைத்து என் குரலைக் கேட்ட பிறகே அனுப்புங்கள்.’ குடும்பத்துக்குள் ஒரு கேள்வி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வீட்டு நாயின் பெயர், தாத்தாவின் பட்டப்பெயர் என்று வெளியாருக்குத் தெரியாத எதுவும் ஆகும்.
2. ‘உங்கள் கணக்கு நிரந்தரமாக அழிக்கப்படும், உடனே இங்கே தொடுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். மூடிய கணக்கைப் பற்றி ஃபேஸ்புக் உங்களிடம் ஓடிபி கேட்டு அழைக்காது.
3. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்கு, அடுத்து காவல்துறைக்கு.

முதல் வாரம்

கை சும்மா இருக்காது. பேருந்தில், எம்ஆர்டியில், சாப்பாட்டு வரிசையில் தொலைபேசியை எடுத்து எதையோ தேடும். அந்த இடைவெளியை இன்னொரு செயலியால் நிரப்புவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஃபேஸ்புக்கை மூடிவிட்டு யூடியூப் ஷார்ட்ஸில் இரவைக் கழித்தால் ஓய்வு எடுத்ததாகாது. விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன; லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். பையில் ஒரு புத்தகம் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கை மூடுவது மருத்துவம் ஆகாது. பல நாள்களாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்த அத்தியாயத்தை ஓரமாக வைத்துவிட்டு 1767 என்ற எஸ்ஓஎஸ் எண்ணையோ 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையோ அழையுங்கள். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. அறைத் தோழர் அப்படிப் பேசினாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் அவருக்காக நீங்கள் அழையுங்கள்.

திரும்பும்போது

1. மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கொடுத்து நுழைந்தாலே கணக்கு திறக்கும். டூ-ஃபேக்டர் வைத்திருந்தால் அதன் குறியீட்டையும் கேட்கும்.
2. ஃபீடைப் பார்க்கும் முன் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள்.
3. நோட்டிஃபிகேஷன்களை முழுதாக அணையுங்கள். நான்கு வாரம் எது இல்லாமலும் குறை தெரியவில்லையோ, அந்தப் பக்கங்களையும் குழுக்களையும் அன்றே விட்டுவிடுங்கள்.
4. செயலியை உடனே தொலைபேசியில் ஏற்றாமல், சில வாரம் பிரவுசர் வழியாக மட்டும் பயன்படுத்திப் பாருங்கள்.
5. திரும்பவே வேண்டாம் என்று தோன்றினால், தகவல்களை இறக்கிக்கொண்டு டெலீட் கொடுங்கள். 30 நாள்வரை மனம் மாறலாம். அழிப்பு தொடங்கியதிலிருந்து நீங்கள் போட்டவற்றை ஃபேஸ்புக் நீக்கி முடிக்க 90 நாள்வரை ஆகலாம்.